192.168.010.025 எங்கே போகும்?

தர்மபுரியின் எஸ்டிடி கோடு 04342. இதை எண் என்று நினைத்து சி நிரலில் அப்படியே எழுதினால் கம்பைலர் அதை 2274 என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் சுழியம் நின்றால் அது ஆக்டல் எண் (எட்டடிமான எண்) என்பது சி மொழியின் பழைய விதி. எஸ்டிடி கோடை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அதனால் தொல்லை இல்லை. அதே சுழியம் ஐபி முகவரிக்குள் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்) நுழையும்போதுதான் வினை.

ஓசூர் சிப்காட்டில் ஓடும் ஒரு சிஎன்சி மெஷின், கிருஷ்ணகிரி கிரானைட் லாரிகள் ஏறி இறங்கும் எடை மேடையின் இண்டிகேட்டர், மாங்கூழ் ஆலை வாசலில் விரல் வைக்கும் அட்டென்டன்ஸ் மெஷின். இந்த மாதிரிக் கருவிகளில் சில, தங்கள் சின்னத் திரையில் முகவரியை மூன்று மூன்று இலக்கமாக நிரப்பிக் காட்டும்: 192.168.010.025. பார்த்தவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டரின் செட்டிங் பெட்டியில் அப்படியே அடிப்பார். லினக்ஸில் அந்த எழுத்தை வைத்து இணைப்பைத் தொடங்கினால் பாக்கெட் போகும் இடம் 192.168.8.21. ஆக்டலில் 010 என்றால் 8, 025 என்றால் 21. 192.168.10 வரிசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது வெளி நெட்வொர்க்காகத் தெரியும். கேட்வேக்கு (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் கருவி) அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். மெஷினின் விளக்கு எரியும், கேபிள் சரியாக இருக்கும், ஸ்விட்சும் சரியாக இருக்கும். டைம்அவுட் மட்டும் வரும்.

கடைசி எண் 089 என்றால் பிழை வேறு முகம் காட்டும். ஆக்டலில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. அதனால் சிஸ்டம் அதை முகவரியாக ஏற்காமல், இது ஏதோ ஒரு சர்வரின் பெயர் போலிருக்கிறது என்று எண்ணி டிஎன்எஸ்ஸிடம் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) கேட்கப் போய்விடும். திரும்பி வருவது 'இந்தப் பெயர் தெரியாது' என்ற செய்தி. ஐபி அடித்தவருக்குப் பெயர் பற்றிய பிழை வந்தால் எங்கே போய்த் தேடுவார்?

இதற்குக் காரணம், எழுத்தை முகவரியாக மாற்ற சிஸ்டத்தில் இரண்டு ஃபங்ஷன்கள் இருப்பது. (பெயர்களை எல்லாம் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். மேன்பேஜில், அதாவது சிஸ்டத்தின் உதவிக் குறிப்பில், தேடும்போது ஒலியை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.) இனெட்_ஏடுஎன் பழைய பிஎஸ்டி (ஒரு யூனிக்ஸ் வகை) காலத்து ஆள், எதையும் ஏற்கும் தாராளம். 127.1 என்று கொடுத்தால் 127.0.0.1 என்று புரிந்துகொள்ளும். 2130706433 என்ற ஒற்றை எண்ணும் அதற்கு 127.0.0.1-தான். ஆக்டலும் ஹெக்ஸும் (பதினாறடிமானம்) செல்லும். இனெட்_பிடுஎன் கறார்ப் பேர்வழி: நான்கு பகுதி, பத்தடிமானம், ஒவ்வொன்றும் 255-க்குள். லினக்ஸின் ஜிலிப்சியில் (சி நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) இது முன்சுழியத்தையும் நிராகரித்துவிடும். பெயரைத் தீர்க்கும், அதாவது முகவரியாக மாற்றும், கெட்அட்ர்இன்ஃபோ உள்ளுக்குள் நம்பியிருப்பது தாராளக்காரரை.

சரிபார்ப்பது ஒருவர், இணைப்பது இன்னொருவர் என்றானால் இது பாதுகாப்பு ஓட்டையாகவும் மாறும். பைத்தானின் ஐபிஅட்ரஸ் மாட்யூல் 3.8-லிருந்து 3.9.4 வரை முன்சுழியத்தைச் சும்மா விட்டு 010-ஐப் பத்து என்றே படித்தது. அதே எழுத்தை இயங்குதளத்திடம் கொடுத்தால் எட்டு. உள்முகவரிகளைத் தடுக்க எழுதிய வடிகட்டி ஒரு முகவரியைப் பார்த்து அனுமதிக்கும், பாக்கெட் வேறொன்றுக்குப் போகும். 3.9.5-ல் முன்சுழியம் இருந்தாலே பிழை என்று மாற்றினார்கள். கோ மொழியும் 1.17-ல் அதே முடிவுக்கு வந்தது. உங்கள் மென்பொருளில் முகவரி அடிக்கும் பெட்டி இருந்தால், உள்ளே வந்ததை இனெட்_பிடுஎன் வழியாகப் பைட்டாக மாற்றி, பைட்டிலிருந்து மறுபடி எழுத்தாக்கி, அந்த எழுத்தை மட்டும் சேமியுங்கள். மூன்று இலக்கமாக அடிக்கும் பழக்கமுள்ள ஆட்கள் என்றால், மாற்றும் முன்பே சுழியங்களை உரித்துவிட்டு, 'இப்படி எடுத்துக்கொண்டேன்' என்று திரையில் காட்டிவிடுவது நல்லது.

இலக்கமும் புள்ளியும் கலந்த எழுத்தைக் கையாளும் இந்த மூலையில்தான் 2015 ஜனவரியில் வெளியான 'கோஸ்ட்' ஓட்டையும் இருந்தது. கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற பழைய ஃபங்ஷன், கொடுத்த பெயர் வெறும் இலக்கமும் புள்ளியுமா என்று முதலில் பார்க்கும். ஆமென்றால் டிஎன்எஸ் பக்கம் போகாமல் தானே மாற்றித் தரும். அதற்கு எத்தனை பைட் இடம் வேண்டும் என்று கணக்கிடும் வரியில் ஒரே ஒரு பாயிண்டருக்கான (நினைவக இடத்தைச் சுட்டும் எண்) இடத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். விளைவு: 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட், ஒதுக்கிய இடமான பஃபரைத் தாண்டி எழுதப்படும். 2000-ஆம் ஆண்டின் ஜிலிப்சி 2.2-லிருந்து இது உட்கார்ந்திருந்தது. 2013 மே மாதமே திருத்திவிட்டார்கள். ஆனால் பாதுகாப்புப் பிரச்சினை என்று யாருக்கும் உறைக்காததால், நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புகள் பலவற்றுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

'பழசை விட்டுப் புதுசுக்கு வா' என்று இதிலிருந்து பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2016 பிப்ரவரியில் கெட்அட்ர்இன்ஃபோவிலேயே ஓர் ஓட்டை வெளியானது. ஏ (பழைய ஐபிவி4 முகவரி), குவாட்-ஏ (புதிய, நீளமான ஐபிவி6 முகவரி) என்ற இரண்டு டிஎன்எஸ் பதில்களையும் வாங்க ஸ்டாக்கில் (நிரலின் தற்காலிக நினைவகம்) ஒதுக்கியிருந்த 2048 பைட் நிரம்பி வழிந்தது. ஆக, பழையதை விட வேண்டிய காரணம் வேறு. கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு ஐபிவி6 கேட்கத் தெரியாது. பதிலை ஒரே பொது இடத்தில் வைக்கும், அதே நிரலுக்குள் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட் கூப்பிட்டால் அது அழியும். 2008 போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தரநிலை) பதிப்பு அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

இனி பைட் கணக்கு. இதைப் பொறுமையாகப் பார்க்கலாம், மேலே சொன்னதெல்லாம் எழுத்து வடிவம் மட்டுமே. ஐபிவி4 முகவரி 4 பைட், ஐபிவி6 முகவரி 16 பைட். இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கொடுக்கும்போது இவை போர்ட் எண்ணோடு (கம்ப்யூட்டரில் எந்த நிரலுக்கு என்று சொல்வது) சேர்ந்து ஓர் உறைக்குள் போகும். ஐபிவி4 உறை சாக்அட்ர்_இன், 16 பைட். ஐபிவி6 உறை சாக்அட்ர்_இன்6, 28 பைட். பொதுப் பெயரான சாக்அட்ர் வெறும் 16 பைட்தான். இதுதான் கண்ணி. இணைப்பை ஏற்கும் ஆக்செப்ட் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, வரும் ஐபிவி6 முகவரியை வாங்க ஒரு சாக்அட்ரை நீட்டினால், கர்னல் 16 பைட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பிழை எதுவும் சொல்லாது. அந்த 16 பைட்டில் என்ன வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: குடும்ப எண் (ஐபிவி4-ஆ ஐபிவி6-ஆ என்று சொல்வது) 2 பைட், போர்ட் 2 பைட், ஃப்ளோ தகவல் 4 பைட், மிச்சம் 8 பைட். அதாவது முகவரியில் சரிபாதி. முன்பாதியில் இருப்பது நெட்வொர்க்கின் எண் என்பதால், ஒரே நெட்வொர்க்கில் இருந்து வரும் எல்லா கம்ப்யூட்டரும் லாகில் ஒரே ஆளாகத் தெரியும். கர்னல் திருப்பித் தரும் நீளத்தில் 28 என்று இருக்கும். அதைப் பார்ப்பவர் குறைவு. வாங்குவதற்கு எப்போதும் சாக்அட்ர்_ஸ்டோரேஜ் வையுங்கள். லினக்ஸில் 128 பைட், எந்த உறையும் அடங்கும்.

குடும்ப எண் என்றேனே, அதுவும் ஊருக்கு ஊர் மாறும். ஐபிவி4 எங்கும் 2. ஐபிவி6 லினக்ஸில் 10, விண்டோஸில் 23, ஃப்ரீபிஎஸ்டியில் 28, மேக்ஓஎஸ்ஸில் 30. மேக்கிலும் பிஎஸ்டியிலும் உறையின் முதல் பைட் நீளத்தைச் சொல்லும், குடும்பம் இரண்டாவது பைட்டில்தான். அதனால் உறையை அப்படியே கோப்பில் கொட்டி இன்னொரு சிஸ்டத்தில் படிப்பது வேலைக்காகாது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நிரல் எழுதத் தேவையில்லை என்பதற்காகவே கெட்அட்ர்இன்ஃபோ வந்தது. அது தருவது ஒரு முகவரி அல்ல, முகவரிகளின் பட்டியல். ஒவ்வொன்றும் தன் குடும்பம், தன் நீளம், தன் உறை மூன்றையும் தானே சுமந்து வரும். நிரல் அதைப் பிரித்துப் பார்க்காமல், வந்தபடியே சாக்கெட்டுக்கும் (இணைப்பு முனையை உருவாக்குவது) கனெக்டுக்கும் (இணைப்பைத் தொடங்குவது) கைமாற்றினால் போதும். உடைந்துபோன நிரல்களில் பெரும்பாலும், யாரோ நடுவில் உறையைப் பிரித்து நான்கு பைட்டை உருவி எடுத்திருப்பார்கள்.

கூப்பிடும் முறை: என்ன வேண்டும் என்று சொல்லும் ஹிண்ட்ஸ் கட்டமைப்பை முதலில் முழுக்கச் சுழியமாக்குங்கள். ஸ்டாக்கில் கிடந்த குப்பை ஃப்ளாக்காகப் போய் விழுந்தால், ஒருநாள் ஓடும் ஒருநாள் ஓடாது. குடும்பம் 'குறிப்பிடவில்லை' என்று விடுங்கள். சாக்கெட் வகையை ஸ்ட்ரீம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் லினக்ஸில் ஒரே முகவரி ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று மூன்று முறை வரும். 'ஏன் என் சர்வருக்கு மூன்று ஐபி?' என்று மண்டையைக் குடைவதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். போர்ட்டை '8080' என்று எழுத்தாகவே கொடுங்கள். பைட் வரிசையை அது பார்த்துக்கொள்ளும். நீங்களே எண்ணாக நிரப்பி, பைட் வரிசையை மாற்றும் ஹெச்டுஎன்எஸ் போட மறந்தால் 8080 என்பது 36895 ஆகிவிடும். லாகில் 36895 என்ற எண்ணைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

திரும்பி வரும் பிழை எண், சிஸ்டத்தின் வழக்கமான பிழை எண்ணான எர்னோ அல்ல, தனி வரிசை. ஜிலிப்சியில் -2 என்றால் அப்படி ஒரு பெயர் இல்லை. -3 என்றால் இப்போது பதில் கிடைக்கவில்லை, பிறகு கேள். இரண்டையும் ஒன்றாக 'சர்வர் கிடைக்கவில்லை' என்று காட்டும் நிரல்கள் ஏராளம். -2 வந்தால் பெயரைத் திருத்த வேண்டும்; -3 வந்தால் இணைப்பையும் டிஎன்எஸ்ஸையும் பார்க்க வேண்டும். கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, ரவுட்டர் இன்னும் எழவில்லை என்ற நிலையில் வருவது -3. அப்போது நிரல் செத்துப்போகாமல் சில விநாடி கழித்து மறுபடி கேட்க வேண்டும்.

பட்டியல் கிடைத்ததும் முதலாவதை மட்டும் முயன்று விட்டுவிடுவதுதான் அடுத்த தப்பு. பட்டியலின் வரிசை ஏனோதானோ என்று வருவதில்லை. 2012-ன் ஆர்எஃப்சி 6724 (இணைய விதிகளை வகுக்கும் ஆவணம்) சொல்லும் விதிப்படி அடுக்கப்படும். அதன் முன்னுரிமை அட்டவணையில் பொதுவான ஐபிவி6-க்கு 40, ஐபிவி4-க்கு 35. ஆக இரண்டும் இருந்து, கம்ப்யூட்டரில் ஐபிவி6 பாதை இருப்பதுபோல் தோன்றினால், ஐபிவி6 முதலில் வரும். வீட்டு ரவுட்டர் ஐபிவி6 முகவரியைக் கொடுத்துவிட்டு, அதற்கப்பால் பாதை செத்துக் கிடந்தால்? கனெக்ட் ஒரு நிமிடத்துக்கு மேல் தொங்கும். பழைய லினக்ஸ் கர்னலில் 127 விநாடி. பிரவுசரில் எல்லாம் திறக்கிறது, நம் நிரல் மட்டும் உறைகிறது என்று சொல்வது இதைத்தான். பிரவுசர்கள் ஒன்றைத் தொடங்கி, கால் விநாடி போல் காத்திருந்து, பதில் இல்லையென்றால் அடுத்த முகவரியையும் கூடவே தொடங்கிவிடும். ஆர்எஃப்சி 8305 பரிந்துரைக்கும் இடைவெளி 250 மில்லிவிநாடி. அவ்வளவு எழுத முடியாவிட்டாலும், ஒவ்வொரு கனெக்டுக்கும் மூன்று நான்கு விநாடி வரம்பு வைத்துப் பட்டியல் முழுவதையும் வரிசையாக முயலுங்கள். முடிந்த பிறகுதான் பட்டியலை விடுவிக்கும் ஃப்ரீஅட்ர்இன்ஃபோ. நடுவில் விடுவித்துவிட்டு அதே பாயிண்டரைத் தொட்டால் எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

உடனே ஐபிவி6-ஐ அணைத்துவிடு என்று சிலர் கைவைத்தியம் சொல்வார்கள். வேண்டாம். அந்த ஒரு கம்ப்யூட்டரில் ஐபிவி4-ஐ முன்னால் கொண்டுவர வேண்டுமென்றால், ஈடிசி அடைவில் உள்ள ஜிஏஐ.கான்ஃப் கோப்பில் ஐபிவி4-க்கான முன்னுரிமையை 100 ஆக்கும் வரி ஏற்கெனவே கமெண்டாகக் கிடக்கும். அதன் முன்னால் உள்ள குறியை நீக்கினால் போதும்.

பெயர் தீர்க்கவே சரியாக 5 விநாடி ஆகிறதா? ஜிலிப்சி, ஏ கேள்வியையும் குவாட்-ஏ கேள்வியையும் ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்து அனுப்பும். சில மலிவு ரவுட்டர்களும் ஃபயர்வால்களும் முதல் பதிலைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடும். ஜிலிப்சி தன் இயல்பான 5 விநாடி வரம்பு வரை காத்திருக்கும். டிஎன்எஸ் அமைப்பு எழுதியிருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் ஆப்ஷன்ஸ் வரியில் 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்' சேர்த்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். 5 என்ற அந்த எண் துல்லியமாக வருகிறதா என்று பார்ப்பதே பாதி கண்டுபிடிப்பு.

அதே கோப்பில் நேம்சர்வர் வரி மூன்றுக்கு மேல் எழுதினால் நான்காவதை ஜிலிப்சி படிக்காது. டாக்கரில் ஆல்பைன் (ஒரு சின்ன லினக்ஸ்) படிமம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் இருப்பது ஜிலிப்சி அல்ல, மஸ்ல் என்ற வேறொரு லைப்ரரி. பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உபுண்டுவில் ஓடியது ஆல்பைனில் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் அங்கே.

லோக்கல்ஹோஸ்ட் (தன் கம்ப்யூட்டரையே குறிக்கும் பெயர்) விவகாரம் மாணவர்களை அதிகம் படுத்துகிறது. சர்வர் 127.0.0.1-ல் மட்டும் காத்திருக்கும். கிளையண்ட் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கேட்கும். 2021-ல் நோட் 17 வரும் வரை, ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் பட்டியலைக் கலைத்து ஐபிவி4-ஐ முன்னால் வைத்துக்கொண்டிருந்தது. 17-லிருந்து சிஸ்டம் தந்த வரிசையை அப்படியே ஏற்கிறது. சிஸ்டம் ::1 என்பதை (127.0.0.1-ன் ஐபிவி6 இணை) முதலில் தந்தால், அங்கே யாரும் காத்திருக்கவில்லை, 'இணைப்பு மறுக்கப்பட்டது'. நேற்று ஓடிய புராஜெக்ட் நோட் 17-க்கோ 18-க்கோ மாற்றியதும் படுத்துவிடும். கிளையண்டில் 127.0.0.1 என்று எழுதுவது அவசரத்துக்கு உதவும். சர்வரை இரண்டு குடும்பத்திலும் காத்திருக்க வைப்பதே சரி.

அப்படி வைக்கும்போது இன்னொரு வடிவம் எட்டிப்பார்க்கும். லினக்ஸில் ஓர் ஐபிவி6 சாக்கெட் இயல்பாகவே ஐபிவி4 ஆட்களையும் உள்ளே விடும். விண்டோஸில் அதற்கென ஓர் ஆப்ஷனை அணைக்க வேண்டும். உள்ளே வரும் ஐபிவி4 முகவரி, ஐபிவி6 உடையில் வரும்: முதல் 80 பிட் சுழியம், அடுத்த 16 பிட் எல்லாம் ஒன்று, கடைசி 32 பிட்டில் 192.168.1.20. ஓசூரில் ஒரே நிலத்துக்கு 1965-க்கு முந்தைய பத்திரத்தில் சேலம் மாவட்டம், அப்புறம் தர்மபுரி மாவட்டம், 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம் என்று எழுதியிருக்கும். நிலம் நகரவில்லை. வில்லங்கம் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று என்று தெரியும், நம் நிரலுக்குத் தெரியாது. '192.168.' என்று தொடங்கினால் அனுமதி என எழுத்தை ஒப்பிட்டு எழுதிய விதி, இந்த உடையில் வந்தவரை வெளியே நிறுத்திவிடும். தடைப் பட்டியல் என்றால் இன்னும் விபரீதம், தடுக்க வேண்டியவர் உள்ளே நுழைவார். ஒப்பிடுவதற்கு முன் உடையைக் களைந்து பைட்டாக ஒப்பிடுங்கள்.

சேமிக்கும் இடத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும். முகவரிக்கு 15 எழுத்து என்று டேட்டாபேஸில் நெடுவரிசை வைத்தவர்கள் ஐபிவி6 வந்ததும் வால் நறுக்கிய முகவரியைச் சேமிப்பார்கள். 45 எழுத்து வையுங்கள். சி நிரலில் முடிவுப் பைட்டும் சேர்த்து 46. எழுத்தை வைத்துத் தேடினால் ஒரே முகவரி பல தோற்றத்தில் வரும். 2001:4860:4860:0:0:0:0:8888 என்பதும் 2001:4860:4860::8888 என்பதும் ஒன்றே. 2010-ன் ஆர்எஃப்சி 5952 ஒரே வடிவம் வகுத்திருக்கிறது: சிறிய எழுத்து, முன்சுழியம் கூடாது, நீளமான சுழிய வரிசையைச் சுருக்கு, ஒற்றைச் சுழியத்தைச் சுருக்காதே. போர்ட்டைப் பிரிக்க முதல் முக்காற்புள்ளியில் வெட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். யுஆர்எல்லில் ஐபிவி6 சதுர அடைப்புக்குள்தான் வர வேண்டும்: [::1]:8080.

மொபைல் ஆப் எழுதுபவர்களுக்கு ஒன்று. ஐபிவி6 மட்டுமே கொடுக்கும் மொபைல் நெட்வொர்க்குகள் உண்டு. நிரலில் ஐபிவி4 எண்ணைப் பதித்து, நீங்களே உறையில் இட்டு அனுப்பினால், மாற்றித் தர ஆள் இல்லாத இடத்தில் அது போகாது. ஆப்பிள் 2016 ஜூன் 1 முதல் ஆப் ஸ்டோருக்கு வரும் ஆப்கள் ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஓட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஐஓஎஸ் 9.2-லிருந்து கெட்அட்ர்இன்ஃபோவிடம் வெறும் ஐபிவி4 எண்ணைக் கொடுத்தாலும், அந்த நெட்வொர்க்குக்குப் பொருந்தும் ஐபிவி6 முகவரியாக ஆக்கித் தரும். எண்ணாகவே தெரிந்திருந்தாலும் அதன் வழியாகப் போக இதுவும் ஒரு காரணம்.

சோதிக்கும்போது டிக், என்எஸ்லுக்அப் என்ற டிஎன்எஸ் கருவிகள் இரண்டையும் மட்டும் நம்ப வேண்டாம். அவை ஹோஸ்ட்ஸ் கோப்பை (பெயரும் முகவரியும் கையால் எழுதிவைக்கும் உள்ளூர்ப் பட்டியல்) பார்க்காமல் நேராக டிஎன்எஸ்ஸிடம் போகும். நிரலுக்குக் கிடைப்பது என்ன என்று பார்க்க 'கெட்என்ட் அஹோஸ்ட்ஸ்' என்று அடித்து சர்வர் பெயரைக் கொடுங்கள். கெட்அட்ர்இன்ஃபோ தரும் பட்டியல் அதே வரிசையில் வரும். டிக்கில் சரியாகவும் கெட்என்ட்டில் தப்பாகவும் வந்தால், எவரோ எப்போதோ ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி மறந்த வரி இருக்கும். டெபியனும் உபுண்டுவும் கம்ப்யூட்டரின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்று அந்தக் கோப்பில் எழுதிவைப்பதும் உண்டு. தன் பெயரைத் தீர்த்து 'என்னை இங்கே கூப்பிடு' என்று மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அறிவிக்கும் மென்பொருள் இந்த 127.0.1.1-ஐப் பரப்பிவிடும். அதை வாங்கிய ஒவ்வொன்றும் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.